விதையிலிருந்து முதல் காய்கறித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதைப் பாக்கெட்டை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைத் தோட்ட வேலை நடக்கும் வரிசையிலேயே தொகுத்திருக்கிறேன். விதைத்த முதல் மூன்று வாரங்களைப் பற்றிக் கொஞ்சம் தூக்கலாகவே எழுதியிருக்கிறேன். "எனக்குத் தோட்டம் ராசியில்லை" என்று பலர் விட்டுவிடுவது அந்த நாட்களில்தான்.

நாற்றாகவே வாங்கி நட்டுவிடலாமே, விதை எதற்கு?

வாங்கலாம், தப்பே இல்லை. தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் விதையிலிருந்து நடும் பருவத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த வேலை வேண்டாம் என்றால் நாற்று நல்ல வழி. ஆனால் வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, கேரட், கீரை இவற்றுக்கு நாற்று தேடுவது வீண். அவை விழுந்த இடத்திலேயே வளர்வதைத்தான் விரும்பும். விதையில் இன்னொரு லாபம், ரகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்: தொட்டிக்கு ஏற்ற குட்டைத் தக்காளி, வெயில் தாங்கும் பீன்ஸ் என்று. நாற்றாக வாங்கும்போது இருப்பதில் ஒன்றை எடுத்து வர வேண்டியதுதான்.

முதல் தடவைக்கு எந்தக் காய்கறிகள்?

முள்ளங்கி, முளைக்கீரை, வெண்டை, பீன்ஸ். இந்த நான்கைத்தான் சொல்வேன். முள்ளங்கி மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்து, சிறிய ரகமாக இருந்தால் 25 முதல் 30 நாளில் பிடுங்கக் கிடைக்கும். கீரையும் கிட்டத்தட்ட அதே வேகம். முதல் மாதத்திலேயே ஏதாவது ஒன்று சமையலறைக்கு வந்துவிட்டால், மற்றவை காய்க்கும் வரை பொறுமை தாங்கும். வெண்டையும் புதர் பீன்ஸும் 50, 60 நாளில் காய்க்கும். அவற்றின் விதை பெரியது, கையாள எளிது, முளை வலுவாக வரும்.

ஆசைக்கு ஒன்று என்றால் தக்காளி வையுங்கள். செர்ரித் தக்காளி பெரிய பழ ரகங்களைவிடச் சுலபமாகக் காய்க்கும். காலிஃபிளவர், செலரி, குடைமிளகாய் ஆகியவற்றை இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளிவிடலாம். காலிஃபிளவருக்கு வெப்பம் சற்று ஏறினாலே பூ சரியாகத் திரளாது. செலரி முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும்.

அப்புறம், வீட்டில் யாரும் சாப்பிடாத காயை வளர்க்க வேண்டாம். பட்டியல் போடும்போது இதுதான் முதலில் மறந்துபோகும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

நீங்கள் நினைப்பதில் பாதி. தரையில் 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம் கொண்ட ஒரே ஒரு பாத்தி போதும். அகலம் 1.2 மீட்டருக்கு மேல் போனால் இரு பக்கத்திலிருந்தும் நடுப்பகுதிக்குக் கை எட்டாது, பாத்திக்குள் காலை வைக்க வேண்டிவரும், மிதித்த மண் இறுகிவிடும். தரை இல்லையென்றால் ஏழெட்டுத் தொட்டிகள் போதும்.

அளவைவிட முக்கியம் வெயில். காய்க்கும் செடிகளுக்கு நேரடி வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும், எட்டு இருந்தால் நல்லது. கீரை, கொத்தமல்லி, லெட்யூஸ் மூன்று நான்கு மணி நேரத்திலேயே சமாளித்துக்கொள்ளும். "நல்ல வெளிச்சமான இடம்தான்" என்று கண்ணை நம்ப வேண்டாம். ஒரு நாள் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வருஷம் முழுவதும் சூரியனின் பாதை ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

குழாய் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாளியில் சுமந்து ஊற்ற வேண்டிய தோட்டத்துக்கு ஆயுள் குறைவு.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

தக்காளிக்கு 20 லிட்டர், கத்தரி, மிளகாய், வெண்டைக்கு 10 முதல் 15 லிட்டர். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள அகலமான தொட்டியே போதும், கேரட்டுக்கு 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். அடியில் ஓட்டை இல்லாத எதிலும் செடி வைக்காதீர்கள். ஓட்டைக்கு மேல் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பரவலாகச் சொல்வார்கள். உண்மையில் கல் அடுக்குக்கு மேலே இருக்கும் மண்ணில் நீர் தேங்கி நிற்கும், வேருக்கான ஆழமும் குறையும். மண் வெளியே போகாமல் ஒரு வலைத் துண்டு போட்டால் சரி.

விதைப் பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தேதியையும் முளைப்புத் திறன் விழுக்காட்டையும். அடுத்தது ரகம். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) என்று போட்டிருந்தால் விளைச்சலும் நோய் எதிர்ப்பும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே செடி வராது. நாட்டு ரகங்களில் விதை எடுத்து வைக்கலாம்.

தக்காளியில் புதர் ரகம், கொடி ரகம் என இரண்டு உண்டு. புதர் ரகம் ஓர் உயரத்தோடு நின்று, சில வாரங்களுக்குள் பெரும்பாலான பழத்தைக் கொடுத்துவிடும். கொடி ரகம் வளர்ந்துகொண்டே போகும், கம்பு கட்டாயம்.

அறுவடை நாள் என்று அச்சிட்டிருக்கும் எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. தக்காளி, மிளகாய் போன்றவற்றுக்கு அது பொதுவாக நாற்று நட்ட நாளிலிருந்து கணக்கு. நேரடியாக விதைப்பவற்றுக்கு விதைத்த நாளிலிருந்து. "70 நாள் என்றார்கள், இன்னும் பூக்கூட வரவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் பல நேரம் இதுதான்.

விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ சாயம் பூசியது போல இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி மருந்தேற்றிய விதையாக இருக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், மீந்ததைச் சமையலுக்கோ பறவைக்கோ போட வேண்டாம்.

போன வருஷத்து விதை முளைக்குமா?

எந்த விதை என்பதைப் பொறுத்தது. வெங்காய விதை ஒரு வருஷத்திலேயே சோர்ந்துவிடும். வெண்டை, மிளகாய் இரண்டு வருஷம், கேரட், பீன்ஸ் மூன்று வருஷம், தக்காளி, கத்தரி நான்கு வருஷம், வெள்ளரி ஐந்து வருஷம் வரை தாங்கும். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் இருந்திருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம்.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பார்ப்பது சுலபம். ஈரக் காகிதத் துண்டில் பத்து விதைகளைப் பரப்பி, சுருட்டி, மூடிய டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஏழு முதல் பத்து நாளில் எட்டு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். ஐந்து முளைத்தால் இரண்டு மடங்கு நெருக்கமாகப் போடுங்கள். இரண்டு மூன்று என்றால் புதிது வாங்குவதே மேல்.

முளைக்க விதைக்கு என்னென்ன வேண்டும்?

ஈரம், வெப்பம், காற்று. உரம் வேண்டாம். முதல் சில நாட்களுக்கான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றில் அதிகம் மறக்கப்படுவது காற்று. விதை நீரை உறிஞ்சியதும் சுவாசிக்கத் தொடங்கும், அதற்கு ஆக்சிஜன் தேவை. மண் இடுக்குகளில் எல்லாம் நீர் நிறைந்து நின்றால் விதை மூச்சுமுட்டி அழுகும். எனவே பிழிந்தெடுத்த பஞ்சு போல ஈரம் இருக்க வேண்டும், சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது.

வெப்பம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மிளகாய்க்கும் கத்தரிக்கும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் பிடிக்கும், 18 டிகிரியில் மிளகாய் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். தக்காளி 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் எட்டிப்பார்க்கும், 15 டிகிரியில் இரண்டு வாரம் ஆகலாம். லெட்யூஸ் நேர்மாறு: 30 டிகிரியை நெருங்கினால் உறக்கத்துக்குப் போய்விடும். இங்கே சொல்லும் வெப்பம் மண்ணுடையது.

வெளிச்சம் பெரும்பாலான காய்கறி விதைகளுக்கு முளைக்கும் வரை தேவையில்லை. லெட்யூஸ், செலரி போன்ற சிலவற்றுக்கு வேண்டும், அவற்றை மண் மேல் தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். ஆனால் முளை தலை நீட்டிய நிமிஷத்திலிருந்து எல்லாவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும். அன்றே இடம் மாற்றுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

எவ்வளவு ஆழத்தில் போடுவது?

விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு. தக்காளி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர், வெண்டைக்கு ஒன்றரை முதல் இரண்டு, பீன்ஸுக்கு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் தூற்றினால் ஆயிற்று.

விதையை ஊற வைக்க வேண்டுமா?

வெண்டையின் தோல் கெட்டி, 8 முதல் 12 மணி நேரம் ஊறினால் சீக்கிரம் முளைக்கும். கொத்தமல்லியில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதைகள் இருக்கின்றன. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துவிட்டு ஊற வைக்கலாம். பீன்ஸை நீண்ட நேரம் ஊற வைத்தால் தோல் பிளந்து அழுகும், அதை உலர்வாகவே ஈர மண்ணில் ஊன்றுங்கள். மருந்தேற்றிய விதையை ஊற வைக்கவே கூடாது.

தோட்டத்து மண்ணிலேயே நாற்று விடலாமா?

தரையில் நேரடியாக விதைப்பவற்றுக்குச் சரி. தட்டிலோ கோப்பையிலோ நாற்று விடும்போது வேண்டாம். சின்னப் பாத்திரத்துக்குள் தோட்ட மண் இறுகிவிடும், கூடவே பூஞ்சையும் களை விதையும் வரும். தென்னை நார்க் கழிவும் நன்றாக மக்கி, சலித்த உரமும் கலந்த கலவை போதும். மூன்று பங்கு நார்க் கழிவுக்கு ஒரு பங்கு உரம் என்பது நாற்றுக்குப் பாதுகாப்பான அளவு. கட்டியாக வரும் நார்க் கழிவில் உப்பு இருக்கலாம், நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்து எடுங்கள்.

குழித்தட்டு, காகிதக் கோப்பை, தயிர் டப்பா எதுவானாலும் சரி. அடியில் ஓட்டை, சுத்தம் இரண்டும் இருந்தால் போதும்.

எதை நாற்று விட்டு நட வேண்டும், எதை நேராக விதைக்க வேண்டும்?

தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைகோஸ், காலிஃபிளவர், வெங்காயம் நாற்றாக வளர்ந்து இடம் மாறத் தயங்காதவை. கேரட், முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் வேர் கோணலாகும், கிளைக்கும். உங்களுக்கு வேண்டியதே அந்த வேர்தான். வெண்டை, பீன்ஸ், பட்டாணி ஆகியவையும் நேரடியாகவே. வெள்ளரி, பூசணி நடுவில்: தனிக் கோப்பையில் வளர்த்து, வேர்க்கட்டி உடையாமல் நட்டால் ஏற்றுக்கொள்ளும்.

எந்த மாதத்தில் விதைப்பது?

மாதத்தின் பெயரைவிட மண்ணின் வெப்பநிலை நம்பகமானது. உறைபனி விழும் ஊரில் கடைசி உறைபனி நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுவார்கள்: தக்காளியை அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பும், மிளகாய், கத்தரியை எட்டு முதல் பத்து வாரம் முன்பும் வீட்டுக்குள் விதைப்பது வழக்கம். வெண்டையை மண் 20 டிகிரியைத் தொட்ட பிறகுதான் போட வேண்டும். உறைபனியே இல்லாத ஊரில் கவலை இரண்டு: கடும் கோடையும் கொட்டும் மழையும். தக்காளி பூக்கும் நேரம் உச்ச வெயிலில் மாட்டாதபடியும், நாற்றுப் பருவம் அடைமழையில் மாட்டாதபடியும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. என்ன செய்வது?

மிளகாயாக இருந்தால் மூன்று வாரம் வரை பொறுங்கள். மற்றதென்றால் ஓரத்தில் மெதுவாகத் தோண்டி ஒரு விதையை எடுத்துப் பாருங்கள். கெட்டியாக, உலர்ந்து இருந்தால் ஈரம் போதவில்லை. உப்பி, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, வெப்பம் குறைவாக இருக்கலாம். அழுத்தினால் கூழாகிறது என்றால் நீர் அதிகம். விதையே காணோம் என்றால் எறும்போ பறவையோ எலியோ. ஊகத்தில் இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. நான்கில் ஒன்றுக்குத்தான் அது மருந்து, மற்றவற்றில் உதவாது அல்லது கெடுக்கும்.

ஒருமுறை ஈரம் பட்டு முளைவிடத் தொடங்கிய விதை நடுவில் காய்ந்தால் இறந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கேரட்டில் இது அடிக்கடி நடக்கும். முளைக்க 10 முதல் 20 நாள் எடுக்கும், அதுவரை மேல்மண் காயவே கூடாது. ஒரு பலகையையோ ஈரச் சாக்கையோ மேலே போட்டு மூடி, தினமும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம்.

முளைத்த செடி நூலாக நீண்டு சாய்கிறதே?

வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் நமக்குப் பளிச்சென்று தெரியும், செடிக்கு அது அரைகுறை வெளிச்சம். திறந்த வெளியில் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள்தான் வளர்க்க முடியும் என்றால் சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கை இலை நுனிக்குச் சில சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடலாம். செடி உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும்.

நீண்டுபோன தக்காளியைக் காப்பாற்றலாம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மற்ற பல செடிகளுக்கு இந்த வசதி இல்லை, புதிதாக விதைப்பதே வேகமான வழி.

நேற்று நன்றாக இருந்த நாற்று இன்று அடித்தண்டு சுருங்கிப் படுத்துவிட்டது. ஏன்?

இது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்வாழ் நுண்ணுயிரிகள் மண் மட்டத்தில் தண்டைத் தாக்கும். விழுந்த நாற்று எழாது. அதையும் அதைச் சுற்றியிருக்கும் மண்ணையும் அப்புறப்படுத்திவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றப் பாருங்கள்: நீரை நிறுத்தி மேல்மண்ணைக் காயவிடுங்கள், மூடி போட்டிருந்தால் திறந்துவிடுங்கள், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்த முறைக்கு: பழைய தட்டுகளை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து கழுவி, நன்றாக அலசிக் காயவையுங்கள். நெருக்கமாக விதைக்காதீர்கள். மேலே ஊற்றாமல், தட்டை ஒரு சென்டிமீட்டர் நீரில் கால் மணி நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுங்கள். மேல்மண்ணில் பச்சையாகப் பாசி படிந்திருந்தால், சின்னஞ்சிறு கொசு போன்ற ஈக்கள் பறந்தால், நீர் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

அப்படியானால் எவ்வளவு நீர் விடுவது?

"தினமும் ஒரு குவளை" மாதிரியான பதிலை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். நாற்றுத் தட்டைத் தூக்கிப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம், நனைந்த தட்டின் கனம் சில நாளிலேயே கைக்குப் பழகிவிடும்.

தரையில் வளர்ந்த செடிகளுக்கு மழையும் சேர்த்து வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்பது ஓர் உத்தேசக் கணக்கு. மணற்பாங்கான மண், கடும் வெயில் என்றால் கூடும். இதைத் தினமும் தெளித்துத் தெளித்து விடுவதைவிட, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழமாக நனைப்பது நல்லது. மேலோட்டமாக நீர் கிடைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். தொட்டிக்கு இது பொருந்தாது. கோடையில் பெரிய தக்காளிச் செடி ஒரு தொட்டி ஈரத்தை ஒரே நாளில் குடித்துவிடும், சில நாள் இரண்டு வேளையும் ஊற்ற வேண்டிவரும்.

காலை நேரம் சிறந்தது. நண்பகலில் இலை வாடித் தொங்கினால் உடனே ஓட வேண்டாம், மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயிலுக்கான தற்காப்பு. காலையிலேயே வாடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் விரலால் பார்த்த பிறகே ஊற்றுங்கள்: வேர் அழுகினாலும் இலை அதே மாதிரிதான் வாடும்.

மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல் என ஐந்தாறு சென்டிமீட்டர் மூடாக்குப் போட்டால் பாதித் தலைவலி போய்விடும். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம்.

முளைத்த செடிகளைக் கலைக்க மனசே வரவில்லை. அப்படியே விட்டால் என்ன?

எல்லாமே நோஞ்சானாகும். முள்ளங்கி கிழங்கே வைக்காது. கேரட்டை ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும், முள்ளங்கியை ரகத்தைப் பொறுத்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும் விட்டு மற்றதை எடுக்க வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும், கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிவிடுங்கள். கீரை, முள்ளங்கிக் குருத்துகளைச் சாப்பிடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளின் இலையைச் சாப்பிட வேண்டாம்.

நாற்றை எப்போது எடுத்து நடுவது?

முதலில் வரும் இரண்டு இலை வித்திலைகள். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், நான்கைந்து உண்மையான இலைகள் வந்து, தண்டு கொஞ்சம் தடித்ததும் நடலாம்.

வீட்டுக்குள்ளோ நிழலிலோ வளர்ந்ததை நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். ஒரு வாரம் முதல் பத்து நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு இளவெயில், பிறகு முழு வெயில், கடைசியில் இரவும் வெளியே. அலுப்பான வேலைதான், ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது.

நடுவது மாலையில், அல்லது மேகமூட்டமான நாளில். நடுவதற்கு முன்னும் பின்னும் நீர் விடுங்கள். இரவில் தண்டைத் துண்டிக்கும் புழுத் தொல்லை இருக்கும் இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு காகித அட்டை வளையத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் செருகிவிட்டால் பிழைக்கும்.

பாத்தி மண்ணை எப்படித் தயார் செய்வது?

உங்கள் மண் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே நீர், இரண்டு சொட்டு சோப் விட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அடுக்குகளின் தடிமன் விடையைச் சொல்லிவிடும். மணல் மண்ணோ களி மண்ணோ, இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மக்கிய உரம். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். களி மண்ணில் மணலைக் கொட்டிச் சரிசெய்யப் பார்த்தால் கடைசியில் கெட்டிப்பட்டுப் போவதுதான் மிச்சம்.

மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6 முதல் 7க்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லாக் காய்கறியும் வரும். பழைய பெயின்ட் உதிரும் சுவரை ஒட்டியோ முன்பு பட்டறை இருந்த இடத்திலோ பாத்தி போடுவதாக இருந்தால், ஈயம் கலந்திருக்கிறதா என்று மண்ணைச் சோதித்துவிட்டு இறங்குங்கள். இல்லையேல் தொட்டியே போதும்.

உரம் எப்போது, எவ்வளவு?

முளைக்கும் வரை எதுவும் இல்லை. உண்மையான இலைகள் வந்த பிறகு, திரவ உரத்தைச் சொல்லப்பட்ட அளவில் கால் பங்காகக் கரைத்து வாரம் ஒருமுறை. நட்ட பிறகு பாத்தியில் மக்கிய உரம் இருந்தால் பூக்கும் வரை கீரை வகைகளுக்கும் பீன்ஸுக்கும் வேறு எதுவும் தேவைப்படாது. பீன்ஸ் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். தக்காளி, கத்தரி, மிளகாய் அதிகம் கேட்பவை, பூக்கத் தொடங்கியதும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். செடி கரும்பச்சையாக, புதராக மண்டி, பூவே இல்லை என்றால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது.

பச்சைச் சாணத்தைக் காய்கறிப் பாத்தியில் போடாதீர்கள். வேரைச் சுடும், நோய்க் கிருமியும் இருக்கலாம். போட்டேயாக வேண்டும் என்றால் அறுவடைக்கு 120 நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

பூக்கிறது, காய் பிடிக்கவில்லையே?

வெள்ளரி, பூசணி, பாகல் இவற்றில் முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். அது மஞ்சளாகி விழுந்தால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள்.

தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அதற்குக் காற்றின் ஆட்டம் போதும். காற்றில்லாத இடத்தில் பூங்கொத்தை விரலால் தட்டிவிடலாம். பகல் 32 டிகிரியைத் தாண்டி இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால், அல்லது இரவு 13க்குக் கீழே போனால், தக்காளி பூவை உதிர்த்துவிடும். அதற்கு எந்த டானிக்கும் தேவையில்லை, பருவம் மாறினால் காய் பிடிக்கும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது. நோயா?

நோயில்லை. காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், அதைச் சுமந்து செல்லும் நீர்தான் ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று வந்திருக்கும். முட்டை ஓட்டைப் போடச் சொல்வார்கள். அது மக்குவதற்குள் செடியின் காலமே முடிந்துவிடும். நீரைச் சீராக்குங்கள், மூடாக்குப் போடுங்கள், பாதித்த காய்களைப் பறித்துவிடுங்கள்.

பூச்சி வந்தால்?

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள், அவை அடியில்தான் குடியிருக்கும். கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினியை நீரைப் பீய்ச்சி அடித்தே பாதிக்கு மேல் விரட்டலாம். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி மென்மையான திரவ சோப், வேண்டுமானால் அதோடு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய். மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். முதலில் ஒரே இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். புழுக்களைக் கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி சின்னத் தோட்டத்துக்கு இல்லை.

கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை உருவத்தில் ஊர்வது பொறிவண்டின் இளம்புழுவாக இருக்கலாம். அதைக் கொல்லாதீர்கள், அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான். இலையில் நாலைந்து ஓட்டை இருப்பதற்கெல்லாம் மருந்து தேட வேண்டாம்.

களை?

சின்னதாக இருக்கும்போதே, வாரம் இருமுறை பத்து நிமிஷம். பூக்க விட்டுவிட்டால் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வேலை.

எல்லாம் ஒரே நாளில் அறுவடைக்கு வந்து குவிகிறதே?

ஒரே நாளில் விதைத்தால் அப்படித்தான். கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி, பீன்ஸ் இவற்றின் பாக்கெட்டை மூன்று நான்காகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு பங்காக விதையுங்கள். முதல் தவணை சரியாக வராவிட்டாலும் கையில் விதை மிச்சம் இருக்கும். வெண்டையை முற்றவிடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தால்தான் தொடர்ந்து காய்க்கும், பீன்ஸும் வெள்ளரியும் அப்படியே.

அடுத்த முறைக்கு நானே விதை எடுத்து வைக்கலாமா?

நாட்டு ரகமாக இருந்தால் பீன்ஸில் தொடங்குங்கள். காய் செடியிலேயே காய்ந்து சலசலக்கும் வரை விட்டு, உரித்து உலர்த்தினால் வேலை முடிந்தது. தக்காளியில் நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் சுற்றியிருக்கும் வழுவழுப்புக் கரையும், கழுவி நிழலில் உலர்த்துங்கள். கேரட்டில் முதல் வருஷம் விதையே வராது, அது பூக்க இரண்டாம் வருஷம் ஆகும்.

பூசணி, சுரை வகைகளில் வீட்டு விதை கொஞ்சம் ஆபத்தானது. பக்கத்தில் இருக்கும் அலங்காரச் சுரையோடோ காட்டு வகையோடோ கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக் காயில் குக்குர்பிடாசின் என்ற நச்சுக் கசப்பு வரலாம். இயல்பாகக் கசக்காத பூசணி, சுரை, வெள்ளரி எதுவும் கடுமையாகக் கசந்தால் துப்பிவிடுங்கள், சமைத்தாலும் அது போகாது.

உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், பெயரும் தேதியும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் அப்படியே. வெளியே எடுக்கும்போது டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் விதை மேல் நீர் படியும்.